வெயில் நேரத்துக் கரண்ட்

பட்டறைக்குப் புது மீட்டர் வந்த செய்தியைப் பூலோகம் சொன்னது ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது. சொர்ணம்மாள் நெத்திலிக் கருவாட்டை வறுத்து, முந்தின நாள் புளிக்குழம்பைச் சுண்டவைத்திருந்தாள். சித்திரை வெயிலில் தகரக் கூரை சூடேறி, மேலே யாரோ நடப்பதுபோல் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டது.

பூலோகத்துக்கு வேலை தாராவி தேரா கம்பவுண்டில், கரீம் பாட்சாவின் தானா பட்டறையில். உடைந்த வாளி, நாற்காலி, எண்ணெய் டப்பா, ஷாம்பு பாட்டில் என்று மும்பை கழித்துப் போடுவதெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். நிறம் பார்த்துப் பிரித்து, அரைத்து, கழுவி, காயவைத்து மெஷினில் போட்டால் உருகி, அச்சில் இடியாப்பம் இறங்குவதுபோல் கம்பி கம்பியாக இறங்கும். தண்ணீர்த் தொட்டியில் ஆறிய கம்பியைக் கத்தி அரிசி அரிசியாக நறுக்கும். அந்த மணிக்குத்தான் தானா என்று பெயர். கம்பி அறாமல் இழுத்துக் கொடுப்பது, சூடு பார்ப்பது, வடிகட்டும் ஜாலி அடைத்துக்கொண்டால் மாற்றுவது பூலோகத்தின் வேலை.

மகள் ஸ்ரீலேகா பிறந்த வருடத்திலிருந்து அவனுக்கு ராத்பாளி. இரவு ஷிப்டை இங்கே தமிழரும் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் தூங்குகிறது என்பதற்காக அனல் மின்நிலையத்துப் பாய்லரை அணைத்துவிட முடியாது. நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கும். மிஞ்சுகிற கரண்டை யாராவது வாங்கட்டும் என்று பட்டறைகளுக்கு இரவில் தள்ளுபடி இருந்தது. அதை நம்பித்தான் கரீம் பாட்சா மாதிரி ஆட்கள் விடிய விடிய மெஷின் ஓட்டினார்கள்.

"ஏளா, அடுத்த வாரத்துல இருந்து ராத்பாளி கெடையாதாம்" என்றான் பூலோகம்.

"பட்டறைய மூடுதாவளா?"

"மூடல. மாத்துதாவ. ராத்திரிக் கரண்டுக்கு இருந்த தள்ளுபடி போச்சு. இனிமே பகல்லதான் மலிவு. வெயில் நேரம்னு பேரு வெச்சிருக்காவ. காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு."

"வெயிலுக்கும் கரண்டுக்கும் என்னத்துக்கு முடிச்சுப் போடுதாவ?"

"நம்ம சுடலை மொட்டமாடில மாட்டுதாம்லா, அந்தப் பலகை. ராஜஸ்தான்ல, சோலாப்பூர் பக்கத்துல, கண்ணுக்கு எட்டுன தூரம் நட்டு வெச்சிருக்காவளாம். வெயில் அடிக்கப்ப கரண்டு கொட்டுது. புடிச்சு வைக்க எடம் காணாது. அதனால அந்நேரத்துக்குச் செலவழி, கொறச்சுத் தாரோம்ங்காவ. கரி எரிக்கதை மெல்ல மெல்ல நிப்பாட்டணும்லா."

"நல்லதுதான்." சொர்ணம் இன்னும் இரண்டு நெத்திலியை அவன் தட்டில் வைத்தாள். "அப்போ இனிமே மனுசரு மாதிரி ராத்திரி தூங்குவிய."

"ஆமா."

பூலோகம் கருவாட்டின் தலையைக் கிள்ளித் தட்டோரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருப்பது ஒரே கோலி; ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். கீழே ஓர் அறை, மூலையில் இரும்பு ஏணி, மேலே குனிந்து நிற்கலாம் என்கிற அளவில் ஒரு பரண். பரணில் பூலோகத்தின் தம்பி சுடலைக்கண்ணனும் போன தை மாதம் கட்டிக்கொண்டு வந்த பிரேமலதாவும். சுடலை செம்பூர், காட்கோபர் பக்கத்து அடுக்குமாடிகளில் சோலார் மாட்டும் கம்பெனியில் வேலை பார்த்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பிரேமலதாவுக்கு சயானில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அஞ்சரைக்கு முன்னால் வரமாட்டாள். ஸ்ரீலேகா நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சொர்ணம் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமைத்துவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிடுவாள். அந்நேரம்தான் பூலோகம் தூங்கி எழுந்திருப்பான். பகலில் கோலி அவர்களுடையது. இரவில் பூலோகம் பட்டறைக்குப் போனபின், சொர்ணம் கீழே தலையோடு போர்த்திக்கொண்டு படுப்பாள், தூங்காவிட்டாலும் தூங்குவதுபோல் கிடப்பாள்; இரவு மேலே இருப்பவர்களுடையது. யாரும் உட்கார்ந்து பேசி வகுத்த ஏற்பாடு இல்லை. சுடலைக்குக் கல்யாணம் ஆன வாரத்திலிருந்து தானாக நடந்தது.

பூலோகம் வெளியில் வாய் திறக்காத ஆள். டீக்கடையில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் அவன் பதினோராவதாக நின்று சிரிப்பான், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கதவைச் சாத்தி, சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து இரண்டு பேரும் படுத்த பிறகு அவனுக்குப் பேச்சு வரும். மூட்டையில் என்ன வந்தது என்று சொல்வான். ஆஸ்பத்திரிக் குப்பையில் வந்த ஒரு டப்பாவுக்குள் உயிரோடு தவளை இருந்தது. மான்குர்த் ஆள் ஒருவன் அனுப்பிய சிவப்பு வாளியெல்லாம் ஒரே பக்கத்தில் உடைந்திருந்தது. அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று அவன் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துச் சொன்னான். சொர்ணம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு ஓய்ந்தபின் நடப்பது நடக்கும், நடக்காமலும் போகும். நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு அந்தப் பேச்சுத்தான் பெரிதாக இருந்தது.

குழாயடியில் விஷயம் பரவியதும் நாலாவது வீட்டு சைனப் குடத்தைக் கீழே வைத்துவிட்டே பேசினாள்.

"இனி உனக்கென்னக்கா, ராணி! ராத்திரி மாப்ள வீட்ல. எங்க ஆளு மஸ்கட்ல கெடக்கார், போன்ல மூஞ்சிய மட்டும் காட்டுறார். ஒனக்கு அல்லா கரண்டு பில்லு வழியாவே குடுத்துட்டான் பாரேன்."

"போடி அங்கிட்டு."

"வெக்கத்தப் பாரு! பூ வாங்குனா சொல்லு, மாட்டுங்காவுல நல்ல மல்லி வருது."

சொர்ணம் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

பகல் ஷிப்ட் தொடங்கிய முதல் வாரம் பூலோகம் இரவில் கீழே படுத்தான். சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி நேராக, கையைக் காலை அசைக்காமல். மாறின நேரம் உடம்புக்குப் பிடிபடவில்லை, கண் மூடாது. பிரேமலதா மூத்தார் முன்னால் உட்காரமாட்டாள், சத்தமாகப் பேசமாட்டாள். அவன் எட்டு மணிக்கு வீட்டுக்குள் வந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஏணியேறிவிடுவாள். பிறகு தண்ணீர் தாகமானாலும் இறங்கமாட்டாள். பரண் பலகை லேசாக முனகினால்கூடப் பூலோகம் செருமுவான், தான் விழித்திருக்கிறேன் என்று எச்சரிப்பதுபோல. செருமியது தப்போ என்று பிறகு அதற்கும் சங்கடப்படுவான்.

ஒருநாள் சொர்ணம் அவன் காதுப்பக்கம் குனிந்து, மூச்சுக்காற்றாகக் கேட்டாள்: "இன்னைக்கு மூட்டையில என்ன வந்துச்சு?"

"என்ன மதினி, கூப்பிட்டியளா?" என்று மேலேயிருந்து சுடலை கேட்டான்.

"ஒண்ணுமில்லய்யா. கொசு."

பூலோகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த வாரம் பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டான். மூட்டைகளுக்குக் காவல் வேண்டும் என்று முதலாளி சேட் சொன்னதாகச் சொன்னான். சேட் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று சொர்ணத்துக்குத் தெரியும். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் புதுசு; இடம் விட்டுக் கொடுக்கிறான். அதைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது பகலும் இல்லை, இரவும் இல்லை. காலையில் குளிக்க வருவான், டப்பாவை வாங்கிக்கொண்டு போவான். இரவில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

மத்தியானம் கதவைத் திறந்து உள்ளே வரும்போது கோலி பெரிதாக இருந்தது. சாப்பிட்டுத் தரையைத் துடைத்துவிட்டு அவள் பழைய இடத்தில் படுப்பாள். கல்லியில், வீட்டை ஒட்டிய அந்தச் சந்தில், எல்லாப் பட்டறையும் இப்போது பகலில்தான் ஓடியது. அரைக்கிற சத்தமும் உருக்குகிற வாடையும் சுவரைத் தாண்டி வரும். அந்தச் சத்தத்தில் எது பூலோகத்தின் மெஷின் என்று பிரித்துப் பார்ப்பாள். பிரியாது.

அந்தத் தனி மத்தியானத்துக்கும் ஆபத்து வந்தது. மாட்டுங்கா வீட்டு மாமி ஒருநாள் மோர் கொடுத்தபடி சொன்னாள்:

"சொர்ணம், இனிமே கிரைண்டர், வாஷிங்மெஷின் எல்லாம் பத்து மணிக்கு மேலதான் போடணும். சொசைட்டி வாட்ஸாப்ல போட்டிருக்கா, பகல்ல சீப்புன்னு. நம்ம மாடிலயும் சோலார் வரப்போறது. நீ கொஞ்சம் லேட்டாப் போயேன். உங்காத்துக்காரர்தான் இப்போ டே ஷிப்ட் ஆயிட்டாரே. மத்தியானம் சும்மாதானே இருக்கே?"

"சும்மாதான் மாமி" என்றாள் சொர்ணம்.

ஞாயிற்றுக்கிழமை சுடலை வீட்டில் இருந்தான். கல்லியில் பலகையைப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்த சொர்ணத்தின் பக்கத்தில் வந்து குத்தவைத்தான். தோலெல்லாம் வெயிலில் கறுத்து, தொப்பி மறைத்த நெற்றி மட்டும் வெளுத்திருந்தது.

"மதினி, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது."

"கேளு."

"அண்ணனுக்கும் ஒங்களுக்கும் என்ன சண்டை?"

"யாரு சொன்னா?"

"கல்லி பூரா பேசுது. ராத்பாளில இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல, வீட்டுக்கு வந்து நாலு நாள் சேந்து இருந்தாவ, புட்டுக்கிச்சுன்னு. அண்ணன் பட்டறை பீகார்ப் பயலுவ கூட எங்கிட்ட கேக்கானுவ, 'பையா, பாபிஜி நே நிகால் தியா க்யா'ன்னு."

"வெரட்டி விட்டுட்டேனாமா? ஆமா, வெளக்கமாத்தால."

"வெளையாடாதிய. அண்ணன் பட்டறைல மூட்டை மேல கெடக்கதைப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. நாங்க வேணும்னா தேவ்நார்ல ஒரு கோலி பாத்துப் போயிருதோம்."

"எப்படிப் போவே? இடிச்சுட்டுப் புது வீடு தாரோம்னு சர்வேக்காரன் இப்பதான் நம்பர் போட்டுட்டுப் போயிருக்கான். ரெண்டு குடும்பம்னு எழுதிக் குடுத்திருக்கோம். ஒரு குடும்பம் கெளம்பிட்டா நாளைக்கு வீடு தாரவன் என்ன சொல்லுவானோ."

"அதுவும் சரிதான்." அவன் சோப்புக் கட்டியை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தான். "எல்லாருக்கும் நல்லதுன்னுதான் மதினி இந்த வேலைல கெடந்து வேகுதேன். ஒவ்வொரு மாடிலயும் பலகைய மாட்டிட்டு எறங்கும்போது செம்பூர்ப் பக்கம் கரி எரிக்க அந்தக் கரண்டு சிம்னியப் பாப்பேன். நீ இன்னும் கொஞ்சம் கம்மியாப் பொகை விடுவேன்னு சொல்லிக்கிடுவேன். அண்ணனுக்கு ராத்திரி முழிக்க வேண்டாம்னு ஆனதுல நாந்தான் ரொம்ப சந்தோசப்பட்டேன். இப்போ என்னடான்னா..."

உள்ளேயிருந்து பிரேமலதா வாசலுக்கு வந்தாள். காதுவரை சிவந்திருந்தது.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. போய்க் குளிங்க."

"என்னளா, நான் மதினிட்ட..."

"குளிங்கன்னா குளிங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனான். பிரேமலதா சொர்ணத்தின் முன்னால் வந்து, பிழிந்து வைத்த சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் முறுக்கினார்கள். தண்ணீர் முழுக்க இறங்கியபிறகும் இன்னொரு முறை முறுக்கினார்கள்.

மறுநாள் சொர்ணம் பூலோகத்தின் டப்பாவைக் காலையில் கொடுக்கவில்லை. மத்தியானம் நானே கொண்டுவாரேன் என்றாள். மாட்டுங்காவிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள்.

தேரா கம்பவுண்டில் பகலில் அவள் அதிகம் போனதில்லை. சந்துக்கு இரண்டு பக்கமும் நிறவாரியாக மூட்டைகள். மழை விட்டிருந்த நேரத்தில் கழுவிய சில்லுகளைக் கூரைகளில் பரப்பி, பெண்கள் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்குள் காது அடைத்தது. பூலோகம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்து நீலக் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணால் என்ன என்று கேட்டான். டப்பாவைக் காட்டினாள். வை என்று தலையால் சொன்னான். மலிவு நேரத்தில் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்துவதில்லை. அஞ்சு மணிக்கு மேல்தான் சாப்பாடு.

வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கரீம் பாட்சா இருந்தார். ஏர்வாடிக்காரர், தாராவிக்கு வந்து தாடி வெளுத்தவர். பக்கத்தில் அவர் மனைவி ஹாஃபிஸா தரையில் காலை நீட்டி, மூடிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். வேலை பார்க்காமல் அவளால் உட்கார முடியாது.

"வா தங்கச்சி! என்ன விசயம்?" என்று கத்தினார் கரீம் பாட்சா. அங்கே எதையும் கத்தித்தான் பேச வேண்டும்.

"சேட், அவியளுக்கு மறுபடி ராத்பாளி குடுக்க முடியுமா?"

"என்னது?"

"ராத்பாளி!"

"ராத்பாளியா? இப்போ ராத்திரி ஓட்டுனா நான் துண்டைப் போட்டுக்கிட்டு ரோட்டுல நிக்கணும். ஏன், என்ன ஆச்சு? குடிக்கானா?"

"அய்யய்யோ, அந்தப் பழக்கமே கெடையாது."

"அடிக்கானா?"

"அவியளா?" சொர்ணத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "கொசுவக் கூட ஊதித்தான் விடுவாவ."

"பொறவு ராத்திரி புருசன் வீட்ல இருக்கதுல ஒனக்கு என்ன கஷ்டம்? ஊரு ஒலகத்துல பொம்பளைக ராத்திரி வரலைன்னுதான் வந்து அழுவாக. நீ என்னடான்னா..."

"வீட்ல எங்க இருக்காவ? இங்கதான படுக்காவ."

"இங்கயா? நான் சொல்லலியே! வீட்ல சண்டைன்னுல்லா பயலுவ சொன்னானுவ."

"சண்டையெல்லாம் இல்ல."

"சண்டையும் இல்ல, குடியும் இல்ல. அப்பம் என்னதான் வேணும்? புரியும்படியாச் சொல்லு."

சொர்ணம் ஹாஃபிஸாவைப் பார்த்தாள். ஹாஃபிஸா கையிலிருந்த பச்சை மூடியைப் போடாமல் வைத்திருந்தாள். மெஷின் கதறிக்கொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் அந்தச் சத்தம் மூடிக்கொள்ளும் என்று சொர்ணத்துக்கு ஒரு தைரியம் வந்தது. குனிந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"பகல்லதான் சேட் அவிய எங்கூடப் பேசுவாவ! எனக்கு அவியளோட மத்தியானம் வேணும்!"

அவள் கத்திக்கொண்டிருந்த பாதியிலேயே மெஷின் நின்றுவிட்டிருந்தது. ஜாலி அடைத்துக்கொண்டதால் பூலோகம் சுவிட்சைத் தட்டியிருந்தான். அவளுடைய கடைசி வார்த்தைகள் தகரக் கூரையில் மோதி, பட்டறை முழுக்கக் கேட்டன. தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் அதற்குப் பிறகு.

மூட்டை தூக்குகிற ஜஹாங்கீர் பீகார்க்காரன், தமிழ் தெரியாது, சித்தி என்ன சொன்னாள் என்று புரியவில்லை. "க்யா போலி சாச்சி?" என்று சிரித்தபடி கேட்டான்.

"குச் நஹி. அப்னா காம் கர்" என்று அவனை வேலையைப் பார்க்கச் சொன்னாள் ஹாஃபிஸா.

பூலோகம் கையில் சுடச்சுட ஜாலியோடு நின்றான். சொர்ணம் டப்பாவை அருகிலிருந்த மூட்டைமேல் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஓடிப்போயிருப்பாள், ஹாஃபிஸா சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு ளா." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வெள்ளிக்கிழமை நீங்க ஜும்மாவுக்குப் போறீங்க. மெஷின் மட்டும் இங்க ஓடிக்கிட்டுக் கெடக்கு."

"வெயில் நேரம்லா. ஓடட்டும்னுதான்."

"வாப்பா இருந்த காலத்துல ஓடுச்சா?"

"அப்பல்லாம் ராத்திரிதான ஓடும். வெள்ளிக்கிழமைப் பகல் எப்பவுமே சும்மாதான் கெடக்கும். அதையும் இதையும் ஒண்ணாப் பேசாத."

"அப்படியே கெடக்கட்டும். பன்னெண்டு மணிக்கு நிப்பாட்டுங்க. தொழுதுட்டு வந்து நீங்களும் ஒரு வாயி வீட்ல சாப்புடுங்க. இந்த மீட்டர் வந்ததுல இருந்து மத்தியானம் ஒங்க மூஞ்சிய நானும்தான் பாக்கல. அதுக்குத்தான் இங்க வந்து மூடி பொறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், ஏதோ வேலைக்கு ஆள் கெடைக்கலைன்னா?"

கரீம் பாட்சா தாடியைத் தடவினார். மனைவியின் கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"ஏ பூலோகம்! வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கு நிப்பாட்டிரு. பொறவு சனிக்கிழமை காலைல வந்தாப் போதும். இப்போ ஜாலியப் போடு, கரண்டு என்ன எனக்கு மாமனாரு வீட்டுச் சீதனமா?"

மெஷின் மறுபடி கதறத் தொடங்கியது. சொர்ணம் யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அன்று இரவு பூலோகம் சாப்பிட வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. கை கழுவி எழுந்தபிறகு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்துச் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை சாளை கெடச்சா வாங்கு."

"மழை தொடங்கியாச்சு. இப்போ ஏது சாளை? கருவாடுதான்."

"கருவாடுன்னாலும் சரி."

வெள்ளிக்கிழமை காலை மாட்டுங்காவில் அவள் எட்டு மணிக்கே கிரைண்டரைப் போட்டாள். மாமி சமையலறை வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சொர்ணம், நான் என்ன சொன்னேன்?"

"இன்னைக்கு வீட்ல வேலை இருக்கு மாமி. இனிமே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இருக்கும்."

"என்ன வேலை?"

"வீட்டு வேலைதான்" என்றாள் சொர்ணம். அரிசியை வழித்து உள்ளே தள்ளினாள்.

பன்னிரண்டரைக்குப் பூலோகம் நனைந்துகொண்டு வந்தான். டிரம்மில் இருந்த தண்ணீரை எடுத்து, உருகிய பிளாஸ்டிக் வாடை போகும்வரை இரண்டு தடவை சோப்புப் போட்டான். வாளைக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுட்ட அப்பளம். அவன் மூன்று தடவை சோறு வாங்கினான். "நல்லாருக்கு" என்றான். அவ்வளவுதான் பேசினான். சொர்ணம் தட்டைக் கழுவி, தரையைத் துடைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவன் தூங்கிவிட்டிருந்தான். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது.

எத்தனையோ வருடங்களாகப் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. இத்தனை வாரமாக இரவில் மூட்டைமேல் கண்ணை மூடிப் படுத்திருந்ததெல்லாம் தூக்கம் இல்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. எழுப்ப ஒருமுறை கையை நீட்டினாள். கம்பி இழுத்து இழுத்து அவன் விரல்களில் விழுந்திருந்த நீல வரிகள் சோப்புக்கும் போகவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மழை கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்தது. பக்கத்துப் பட்டறைகளில் சத்தம் ஓயவில்லை. இரண்டு மணி ஆயிருக்கும், மூன்று ஆயிருக்கும். அவள் கடிகாரம் இருக்கும் பக்கம் திரும்பாமல் இருந்தாள். ஒரு மத்தியானத்தைக் கேட்டு வாங்க எவ்வளவு வெட்கப்பட வேண்டியிருந்தது; அதுவும் இப்படியே கழிந்துவிடும்போல இருந்தது. கோபம் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

அஞ்சு மணிக்குப் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில்தான் அவனுக்கு முழிப்பு வந்தது. கூரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மணி என்ன?"

"அஞ்சு."

"என்னளா, எழுப்பலியா?"

"எழுப்பல."

அவன் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தேய்த்தான். தலைமாட்டில் வைத்திருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். நேரம் போய்விட்டதில் அவனுக்கு ஏற்பட்ட வருத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செம்பின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, மறுபடி படுத்து, அவள் பக்கமாகத் திரும்பினான்.

"நேத்து காட்கோபர்ல இருந்து ஒரு மூட்டை வந்துச்சு."

"ம்."

"பிரிச்சுக் கொட்டுனா பூரா பொம்மைக் கை. தலை இல்ல, கால் இல்ல. கை மட்டும். ஒரு ஆயிரம் இருக்கும். எல்லாம் வலது கை."

"எடது கை எங்க போச்சு?"

"அதத்தான நானும் கேக்கேன். எந்தக் கம்பெனிக்காரனோ எடது கையோட மட்டும் பொம்மை வித்துட்டான் போல. ஜஹாங்கீர் அதப் பாத்துட்டு மெரண்டு போய்..."

கல்லியில் கொலுசுச் சத்தம் கேட்டது. தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்து, வாசலில் நின்றது. குடையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. பூலோகம் வாயை மூடிக்கொண்டு கையூன்றி எழப்போனான். சொர்ணம் அவன் தோளில் கையை வைத்தாள்.

கதவை யாரும் தட்டவில்லை. வாசலில் கழற்றிவிட்டிருந்த அவனுடைய செருப்பைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு கொலுசுச் சத்தம் திரும்பி, மெதுவாக, வந்த வழியே போனது. நாலாவது வீட்டில் சைனப் உரக்க, "வா பிரேமா, என்ன நனைஞ்சுட்டே, உள்ள வா, டீ போடுறேன்" என்பது கேட்டது.

"யாரு, நம்ம..."

"அவதான். போய்ட்டா."

"பாவம், மழையில."

"டீ குடிப்பா. நீங்க சொல்லுங்க. ஜஹாங்கீர் மெரண்டு போய் என்ன பண்ணுனான்?"

பூலோகம் கதவைப் பார்த்தான். தயங்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்லத் தொடங்கினான்.

"அவன் என்ன பண்ணுனான்னா, ஒரு கைய எடுத்தான்..."